எஃப்1 பாக்க கேபிளா, ஆப்பா, யூடியூபா? கோயமுத்தூர்க்காரன் கணக்கு

2022 சீசனோட ஸ்டார் ஸ்போர்ட்ஸ்ல எஃப்1, அதான் ஃபார்முலா ஒன் கார் ரேஸ், நின்னு போச்சு, 2023-ல எஃப்1 டிவி ஆப்ப விட்டா நம்ம நாட்டுல வேற வழியில்லைன்னு ஆச்சு, 2024-ல ஃபேன்கோடுங்கற ஸ்போர்ட்ஸ் ஆப்புக்காரன் உள்ள வந்தான். இது தெரியாம செட்டாப் பாக்ஸுக்கு ரீசார்ஜ் பண்ணிப்போட்டு "எத்தனாவது நம்பர்லீங்க ரேஸ் வருது"ன்னு கேக்கற ஆளுக இன்னமும் இருக்காங்க, அதுவும் நம்மூர்ல கொஞ்சம் ஜாஸ்தி, ஏன்னா நம்மூர்க்காரரு நரேன் கார்த்திகேயன் 2005-ல எஃப்1ல ஜோர்டான் டீம் கார்ல ஏறுனதுக்கப்பறம் ரேஸுன்னா என்னன்னே தெரியாதவங்க கூட பேருக்காச்சும் ஒரு தடவ உக்காந்து பாத்தாங்க. அந்த வருசம் அமெரிக்கால இண்டியானாபொலிஸ் ரேஸ்ல மிஷெலின் டயர் தாங்காதுன்னு பதினாலு கார், ரேஸுக்கு முன்னாடி சுத்தற ஃபார்மேஷன் லேப்போட உள்ள போயிருச்சு, ஆறே ஆறு கார்தான் ஓடுச்சு, நம்மாளு நாலாவது, அஞ்சு பாயிண்ட். நடுராத்திரில டிவிய போட்டவங்களுக்குத்தான் அந்தக் கூத்து கண்ணுல பட்டுச்சு. யாரும் அதுக்குன்னு தனியா காசு கட்டல, ஊட்ல கனெக்‌ஷன் இருந்துச்சு, பாத்தாங்க, அவ்வளவுதான்.

மொதல்ல டிவி பக்கம் என்ன இருந்துச்சுன்னு நாயமா சொல்லிரணும். சிக்னல் வேகமா வரும். நேத்திக்கு ரிமோட்டத் தொட்ட பொடியனும் போடுவான், எங்க அப்புச்சியும் போடுவாரு, ஓடிபியும் இல்ல பாஸ்வேர்டும் இல்ல. ஸ்டீவ் ஸ்லேட்டர் கமெண்ட்ரிலயே வளந்த ஆளுக நாங்க எல்லாம், ஆரம்பத்துல பாதி இங்கிலீஷ் புரியாது, ஆனா அந்தாளு கொரல் ஏறுனா ஏதோ நடந்துருச்சுன்னு மட்டும் தெரியும். டிவில ஆகாதது என்னன்னா ஒரு சேனல்ல ஒரு நேரத்துக்கு ஒண்ணுதான் ஓட்ட முடியும், கிரிக்கெட்டுக்கு வர்ற வெளம்பரக் காசு ரேஸுக்கு வராது, அப்ப எது ஒதுங்கணும்னு கேக்கவே வேண்டாம். ஐரோப்பா ரேஸ் நம்ம நேரம் சாயங்காலம் ஆறரைக்கு ஆரம்பிக்கும், ஐபிஎல் ஏழரைக்கு, ரெண்டும் ஏப்ரல், மே மாசத்துல ஒட்டுக்கா வரும். வெள்ளிக்கெழம பிராக்டிஸ் எல்லாம் பல தடவ காட்டவே மாட்டாங்க, டயர் மாத்த கார் நிக்கற பிட் ஸ்டாப் நடக்கறப்ப கரெக்டா பெயிண்ட் வெளம்பரம் வரும்.

செலவும் சும்மா இல்லீங்க. 2019-ல டிவி கட்டணத்துக்கு ரூல் போடற ட்ராய் புது கட்டண முறை கொண்டாந்ததுக்கு அப்பறம் மாசம் 130 ரூவா வரைக்கும் நெட்வொர்க் கட்டணம், அதுக்கு மேல ஜிஎஸ்டி, அதுக்கு மேல நாம கேக்கற ஒவ்வொரு சேனலுக்கும் தனி ரேட்டு. ரேஸ் வர்ற ஸ்டார் ஸ்போர்ட்ஸ் செலக்ட் சேனல நம்ம பேக்ல சேத்துறதுக்கு லோக்கல் கேபிள்காரருக்கு எத்தன போன் போட்ருப்போம்னு ஞாபகம் இருக்கறவங்களுக்குத் தெரியும். அதனால டிவி ஃப்ரீ, ஆப்தான் காசுன்னு பேசறது சுத்தமா தப்பு. காசு அப்பவும் போச்சு, கேபிள் பில்லுக்குள்ள கலந்து போனதால வலிக்கல.

இப்ப ஆப்பு கதைக்கு வருவோம்.

ஃபேன்கோடு, எஃப்1 டிவி ரெண்டையும் ஒரே தட்டுல வெக்க முடியாது, ரெண்டும் வேற வேற ஆளுகளுக்கு. ஃபேன்கோடுல சீசன் முழுசுக்கும் பாஸ் இருக்கு, ஒரு ரேஸுக்கு மட்டும்னும் எடுத்துக்கலாம், வருசத்துக்கு இருவதுக்கு மேல ரேஸ் ஓடறப்ப இது பெரிய சௌரியம், பாதிக்கு மேல நம்மால எப்படியும் பாக்க முடியாது. எஃப்1 டிவி விலை கூடத்தான், ஆனா அது கொடுக்கறது வேற சமாச்சாரம். எந்த டிரைவர் காரோட கேமராவ வேணும்னாலும் ரேஸ் பூரா பாக்கலாம், டீம் ரேடியோ தனியா கேக்கலாம், எந்த கார் எத்தன நேரத்துல சுத்துதுன்னு லைவ் டைமிங் பக்கத்துலயே ஓடும், பழைய ரேஸ்களும் கெடக்குது, நடுவுல வெளம்பரம் கெடையாது. பீளமேடு, கணபதி பக்கம் பட்டறைல வேல பாக்கற பசங்க சில பேரு இருக்காங்க, அவங்களுக்கு எவன் ஜெயிச்சான்கறத விட எந்த டயர்ல எத்தன லேப் இழுத்தான், டிராக்கோட மூணாவது பகுதி, அதான் மூணாவது செக்டார், அதுல எங்க நேரம் போச்சுங்கறதுதான் முக்கியம். அவங்களுக்கு எஃப்1 டிவிய விட்டா ஒண்ணும் செட் ஆகாது. ஞாயித்துக்கெழம சாயங்காலம் டீயக் குடிச்சிட்டே ரேஸ் பாத்தா சரிங்கறவங்களுக்கு அது தண்டச் செலவு. எத்தன பேர் ஆசப்பட்டு வருசத்துக்குக் கட்டிப்போட்டு ஆன்போர்டு கேமரா பக்கமே போகாம இருக்காங்க தெரியுங்களா.

டேட்டா கணக்க யாரும் முன்னாடியே போட்டுப் பாக்கறதில்ல. நல்ல எச்டி குவாலிட்டில ஒரு மணி நேரத்துக்கு ரெண்டுல இருந்து மூணு ஜிபி இழுக்கும். ரேஸ் அதிகம் போனா ரெண்டு மணி நேரம், நடுவுல ரேஸ நிறுத்தற செங்கொடி விழுந்தா மொத்தம் மூணு மணி நேரம் வரைக்கும் போலாம்னு ரூல். தெனம் ஒன்றரை ஜிபி, ரெண்டு ஜிபி ரீசார்ஜ்ல இருக்கறவன் பாதி ரேஸ்லயே பஃபரிங் வட்டம் சுத்தறதப் பாத்துட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான். ஃபைபர் இருக்கற ஊட்டுக்குத்தான் ஆப்பு லாபம். டவுன்ல பிரச்சன இல்ல, அதே பழைய கேபிள்காரரே இப்ப ஃபைபரும் இழுத்துத் தர்றாரு. ஆனா பொள்ளாச்சி தாண்டி தோட்டத்துக்குள்ள ஊடு கட்டிக் குடியிருக்கற எங்க சித்தப்பா மாதிரி ஆளுக்கு அங்க டவர் ஒரு கோடு வரும், காத்தடிச்சா அதுவும் போயிரும். அவருக்கு டிஷ்தான் சரி, மழை கொட்டுனா சித்த நேரம் போகும், பொறகு வந்துரும். அந்த டிஷ்ல இப்ப ரேஸே இல்லைங்கறதுதான் கொடும.

அடுத்தது லேட்டா வர்றது. டிஷ்ல வர்றதுக்கும் ஸ்ட்ரீம்ல வர்றதுக்கும் இருவது முப்பது செகண்டு வித்தியாசம் சர்வசாதாரணம். 2021 டிசம்பர்ல அபுதாபி கடைசி ரேஸ், கடைசி லேப், பட்டத்துக்கு மோதுன ரெண்டு பேருல வெர்ஸ்டாப்பன் அப்பத்தான் மாட்டுன சாஃப்ட் டயர்ல ஹாமில்டனுக்குப் பொறத்தாலயே நிக்கறான். என்ற மச்சான் ஊட்ல டிவில பாக்கறான், நான் இங்க போன்ல ஒரு ஆப்ல பாக்கறேன். என்னோட போன்ல வெர்ஸ்டாப்பன் இன்னும் தாண்டவே இல்ல, வாட்ஸப்ல "முடிச்சுட்டான்டா மாப்ள"ன்னு வந்து விழுது. வருசம் பூராவும் காத்திருந்து பாத்த சண்டையோட முடிவ எழுத்துல படிச்சிட்டு அப்பறம் படமாப் பாத்தேன். இப்ப எல்லாரும் ஸ்ட்ரீம்லதான் பாக்கறோம்னாலும் இந்தத் தொல்ல தீரல, ஆளுக்கொரு ஆப்பு, ஆளுக்கொரு நெட்டு, ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு நேரத்துல இருக்கான். முன்னாடி நாலு ஊட்ல இருந்து ஒரே நேரத்துல சத்தம் வரும்ங்க, அது போயிருச்சு.

இது நம்மூர்ல மட்டும் நடக்கற கதையும் இல்ல. இங்கிலாந்துல பிபிசில ஃப்ரீயா வந்துட்டு இருந்தது 2012-ல சந்தா கட்டிப் பாக்கற ஸ்கையோட பங்கு போட்டாங்க, 2019-ல இருந்து லைவ் எல்லாம் ஸ்கைக்குத்தான், சேனல் 4-ல ஹைலைட்ஸும் பிரிட்டிஷ் ரேஸும். ஜெர்மனில ஷூமாக்கர் காலம் பூரா காட்டுன ஆர்டிஎல் சேனல் 2020-ஓட முழு சீசன் காட்டறத விட்டுருச்சு. அமெரிக்கக் கம்பெனி லிபர்ட்டி மீடியா 2017-ல எஃப்1ஐ வாங்குச்சு, அடுத்த வருசமே எஃப்1 டிவி ஆரம்பிச்சுது. அமெரிக்கால 2026-ல இருந்து அஞ்சு வருசத்துக்கு ரேஸ் காட்டறது ஆப்பிள் கம்பெனிதான். வெளம்பரத்த மட்டும் நம்பற சேனல் அந்த ரேட்டு கட்டி வாங்க முடியாது, மாசாமாசம் சந்தா வாங்கறவன்தான் கட்டுவான். இனி திரும்ப டிவிக்கு வரும்னு காத்திருக்கறது வீண்.

சரி, காசே கட்டாம பாக்க வழி இல்லையான்னா, இருக்கு, அது எஃப்1 இல்ல, அவ்வளவுதான். 2025 ஜனவரில துபாய் 24 மணி நேர ரேஸ்ல அஜித் டீம் எறங்குச்சில்ல, 24எச் சீரிஸ்காரங்க அத யூடியூப்ல மொத்தமா லைவா விட்டாங்க. அவினாசி ரோட்டுல ஒரு பேக்கரில தேங்கா பன்னு வெச்ச கண்ணாடி டப்பா மேல போனச் சாச்சு வெச்சு அத ஓட்டிட்டு இருந்தாங்க. டீ மாஸ்டருக்கு போர்ஷேன்னா என்ன, கிளாஸ்னா என்னன்னு ஒண்ணும் தெரியாது, "ஏனுங்க, ஓட்றவர மாத்தி மாத்தி உக்கார வெக்கறாங்க, அது தப்பில்லீங்களா"ன்னு கேட்டாரு. பக்கத்துல நின்ன காலேஜ் பையன் சொல்லிக் குடுத்தான், ஒரு ஆளு 24 மணி நேரம் ஓட்ட முடியாதுங்ணா, ஷிஃப்ட் மாதிரின்னு. மில்லு ஊர்க்காரனுக்கு ஷிஃப்ட்டுன்னு சொன்னா அதுக்கு மேல வெளக்கம் எதுக்கு. அந்த டீம் 991ங்கற போர்ஷே மாடலுக்குன்னு இருக்கற கிளாஸ்ல மூணாவது வந்துச்சு, அடுத்த நாள் அதே கடைல அதே பழமைதான்.

இந்த எடத்துலதான் எனக்கு ஸ்ட்ரீமிங் மேல கோவம். ஏற்கனவே பைத்தியமா இருக்கறவனுக்கு ஆப்புல கெடைக்கறதுல பத்துல ஒரு பங்கு கூட டிவி குடுத்ததில்ல, அத மறுக்கவே முடியாது. ஆனா தெரியாம வந்து மாட்டறவன் அங்க எப்படி வருவான்? பாஸ் வாங்கறதுக்கு முன்னாடியே அவனுக்கு ரேஸ் புடிச்சிருக்கணுமே. செட்டிபாளையத்துல 2003-ல இருந்து நம்மூர் ரேஸர் கரிவரதன் பேர்ல கரி ஸ்பீட்வே இருக்கு, 2.1 கிலோமீட்டர் டிராக்கு, நேஷனல் ரேஸ் எல்லாம் அங்க நடந்திருக்கு, ஃபார்முலா எல்ஜிபி கார் கத்திட்டுப் போறத வேலி ஓரமா நின்னு பாக்கலாம். அங்க கூட்டத்துல நிக்கற பெரிய ஆளுகளக் கேட்டுப் பாருங்க, பாதிப் பேரு டிவில சேனல் மாத்தறப்ப மாட்டுனவங்கதான். 2024-ல சென்னை தீவுத்திடலச் சுத்தி ராத்திரில நடந்த ஃபார்முலா 4 ரேஸ டிவிலயும் விட்டாங்க, ஃபேன்கோடுலயும் விட்டாங்க, அதுதான் சரியான மொற. எஃப்1லயும் வருசத்துக்கு நாலு ரேஸாச்சும் அப்படி விட்டா குடி முழுகிராது.

எது வாங்கறதுன்னு எங்கிட்ட கேட்டா, ஊட்ல ஃபைபர் இருந்து வருசத்துக்கு பத்து ரேஸுக்கு மேல உக்காந்து பாப்பீங்கன்னா சீசன் பாஸ் எடுத்துருங்க, அதுக்குக் கம்மின்னா ரேஸ் பாஸ் போதும். எஃப்1 டிவி வேணும்னா மொதல்ல ஒரு மாசத்துக்கு மட்டும் போடுங்க, அந்த மாசத்துல டைமிங் பக்கத்த எத்தன தடவ தொறந்தீங்கன்னு பாத்துட்டு வருசத்துக்குக் கட்டுங்க. டிவில வைஃபைய நம்பாம லேன் வயர் குத்துங்க, ரேஸ் முடியற வரைக்கும் வாட்ஸப்ப மூடி வைங்க. அமெரிக்கால ஆஸ்டின் ரேஸ் நம்மூருக்கு ராத்திரி பன்னெண்டுக்கு மேலதான் ஆரம்பிக்கும், திங்கக்கெழம வேலைக்குப் போறவங்க தூங்கிட்டு காலைல ரீப்ளே பாத்துக்கலாம். மொனாக்கோ வாரத்துல சனிக்கெழம எவன் முன்னாடி நின்னு ஆரம்பிக்கறதுன்னு முடிவு பண்ற குவாலிஃபையிங் மட்டும் பாருங்க, ஞாயித்துக்கெழம அங்க எவனும் எவனையும் ஓவர்டேக் பண்ணப் போறதில்ல, ஒறம்பரை ஊட்டு விசேசம் இருந்தா தாராளமாப் போயிட்டு வாங்க.