கப்பல் பார்க்கும் செயலி: சண்டை வந்தால் கப்பல் பாலைவனத்தில் ஓடும்

தம்பி எண்ணெய் டேங்கரில் மூன்றாம் அதிகாரி. அதனால்தான் இந்தச் செயலி இரண்டு வருடமாக என் போனில் இருக்கிறது. பெயர் வேண்டாம், இந்த வகையெல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான்.

சாதாரண நாளில் அருமை. கப்பலைத் தட்டினால் வேகம், திசை, அடுத்த துறைமுகம் எல்லாம் வரும். டேங்கர் சிவப்பு, சரக்குக் கப்பல் பச்சை. ஈரானுக்கும் ஓமானுக்கும் நடுவே இருக்கிற குறுகிய கடல்வழியான ஹார்முஸ் நீரிணையைப் பெரிதாக்கிப் பாருங்கள், சிவப்பு அம்புகள் எறும்புச் சாரை மாதிரி போகும். 2024இல் தினமும் சுமார் 2 கோடி பீப்பாய், அதாவது உலகம் செலவழிக்கிற எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு, இந்த வழியாகத்தான் வந்தது. போக ஒரு தடம், வர ஒரு தடம், ஒவ்வொன்றும் 2 கடல் மைல் அகலம்தான். செய்தியில் படித்தபோது உறைக்காதது இதில் பார்த்ததும் உறைத்தது.

2025 ஜூனில் இஸ்ரேல்–ஈரான் சண்டை தொடங்கியதும் ஜிபிஎஸ் சிக்னல் குழம்பி, கப்பல்கள் ஈரானில் தரைமேல் நிற்பதாகக் காட்டியது. தம்பியின் கப்பலும் பாலைவனத்தில் வட்டமடித்தது. அம்மாவிடம் காட்டவில்லை. 17ஆம் தேதி ஓமான் வளைகுடாவில் ஃப்ரண்ட் ஈகிள், அடலின் என்ற இரண்டு டேங்கர்கள் மோதித் தீப்பிடித்தன. அன்று இரவு முழுக்க அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

செயலியை மட்டும் குறை சொல்ல முடியாது, கப்பலின் ஏஐஎஸ் கருவி (கப்பல் யார், எங்கே என்று ரேடியோவில் தானாகச் சொல்லும் கருவி) தன்னைப் பற்றி என்ன சொல்கிறதோ அதைத்தான் காட்டும். செங்கடலில் ஏமனின் ஆயுதக் குழுவான ஹூதிகள் கப்பல்களைத் தாக்கிய சமயத்தில், சேருமிடம் எழுதும் கட்டத்தில் 'ஊழியர் எல்லோரும் முஸ்லிம்', 'சீன முதலாளி' என்றெல்லாம் எழுதிக்கொண்டு போனார்கள். அந்தக் கட்டத்தைப் படிக்கவே இதை வைத்துக்கொள்ளலாம்.

கோபம் சந்தா மேல்தான். கரையிலிருந்து தூரம் போனால் செயற்கைக்கோள் தகவலுக்குக் காசு. சரி என்று கட்டினேன், அதுவும் அதே பாலைவனத்தைத்தான் காட்டியது. 'இந்தப் பகுதியில் சிக்னல் கோளாறு' என்று ஒரு வரி போட்டால் என்னவாம்? பணத்தைத் திருப்பிக் கேட்டேன், தானியங்கிப் பதில் வந்தது.

ஐந்துக்கு மூன்று. இலவசமே போதும். அம்மா இன்னும் தம்பிக்கு அனுப்பிய வாட்ஸாப்பில் இரண்டு டிக் விழுந்ததா என்றுதான் பார்க்கிறார், அதற்குச் சந்தா கிடையாது.