பிரசாரணமும் உயிர்ப்பான கொண்டுசெல்லலும்: வெங்காயத் தோலிலும் தோட்டத்திலும்

சின்ன வெங்காயத்தின் சிவப்பு மேற்றோலை ஒற்றைப் படையாக உரித்து, 100 மில்லிலீற்றர் நீரில் 5 கிராம் உப்புக் கரைத்த கரைசலில் இடுங்கள். இரண்டு படையாக வந்தால் ஒன்றும் தெளிவாகத் தெரியாது. சில நிமிடங்களில் நுணுக்குக்காட்டியில் சிவப்பு நிறம் கலச்சுவரை விட்டு விலகி உள்ளே ஒடுங்குவதைக் காணலாம். இதுதான் முதலுருச் சுருக்கம். பார்க்கப் பார்க்க அலுக்காத காட்சி. நீர் வெளியேறியது பிரசாரணத்தால், அதாவது உப்புக் கூடிய பக்கத்துக்கு நீர் மென்சவ்வூடாகத் தானாக நகர்வதால். கலத்துக்குச் சக்தி தரும் மூலக்கூறான ஏ.ரி.பி. செலவேயில்லை. பிறகு காய்ச்சி வடித்த நீரை மெல்ல மெல்லச் சேருங்கள், நிறம் மீளப் பரவும். ஒரேயடியாக ஊற்றினால் மென்சவ்வு கிழியலாம்.

உயிர்ப்பான கொண்டுசெல்லல் செறிவுப் படித்திறனுக்கு எதிராக, அதாவது செறிவு குறைந்த இடத்திலிருந்து கூடிய இடத்துக்கு நடக்கும், அதற்குச் சக்தி வேண்டும். விலங்குக் கலத்தின் மென்சவ்விலுள்ள புரதமான சோடியம்-பொற்றாசியம் பம்பி, ஒரு ஏ.ரி.பி. மூலக்கூறுக்கு 3 சோடியம் அயன்களை வெளியேற்றி 2 பொற்றாசியம் அயன்களை உள்ளெடுக்கும். 1957இல் இதைக் கண்டறிந்த ஜென்ஸ் ஸ்கோ 1997இல் நோபல் பரிசு பெற்றார். தாவர வேரில் ஐதரசன் அயன்களை வெளியே தள்ளும் புரோத்தன் பம்பிதான் முக்கியம். நைத்திரேற்று உள்ளே வருவதும் அதன் தயவில்தான்.

யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் இந்த இரண்டு செயல்களும் பிழையாகிப்போவதுண்டு. உவர்க் கிணற்று நீர் பாய்ச்சினால், மண் ஈரமாக இருந்தும் பயிர் வாடும்: அது பிரசாரணச் சிக்கல். மாரியில் வெள்ளம் நின்றால் வேருக்கு ஒட்சிசன் கிடையாது, சுவாசம் குறையும், ஏ.ரி.பி. குறையும், பசளை இருந்தும் இலை மஞ்சளாகும். அப்போது மேலும் யூரியா போடாதீர்கள். முதலில் வாய்க்கால் வெட்டி வெள்ளத்தை வடியவிடுங்கள்.