கல்சட்டி: அடுப்பை அணைத்த பிறகும் நடக்கும் சமையல்

மாக்கல்லில் கடைந்த கல்சட்டிக்குச் சூட்டப்படும் புகழுரைகளில் பாதியைத் தள்ளிவிட்டாலும், வத்தக்குழம்புக்கும் கீரை மசியலுக்கும் அதைவிடப் பொருத்தமான பாத்திரம் வேறில்லை என்பதே அதை அன்றாடம் புழங்கிப் பார்த்தபின் என்னுடைய கருத்து. அதே சட்டி ரசத்துக்கு உதவாது. வழக்கமான முறையில் மோர்க்குழம்பு வைத்தால் திரிந்துபோகும். இந்த இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: அடுப்பை அணைத்த பிறகும் சட்டி சமைத்துக்கொண்டே இருக்கிறது. எந்தக் குழம்பை எப்போது இறக்குவது என்று கைக்குப் பழகிப்போன கணக்கைத் திருத்திக்கொள்ள மனமில்லாதவர்கள் இதை வாங்காமல் இருப்பதே நல்லது.

நான் வாங்கியது இரண்டு லிட்டர் கொள்ளும், அடி தட்டையான, பழக்கிய, அதாவது எண்ணெய் பூசி அடுப்புக்குத் தயார் செய்ததாக விற்கப்படும் கருப்புச் சட்டி. விலை 1,450 ரூபாய். எடை மூன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். அதே அளவுள்ள எவர்சில்வர் பாத்திரம் ஒரு கிலோவைத் தொடுவதே அரிது. பிடிப்பதற்கென இருபுறமும் விடப்பட்டுள்ள காதுகள் தனியே ஒட்டப்பட்டவை அல்ல, அதே கல்லில் செதுக்கப்பட்டவை. விரல் நுழையும் அளவுக்கு அவற்றில் இடமில்லாததால், நிறைந்த சட்டியை அடுப்பிலிருந்து இறக்க இரண்டு கைகளும் கெட்டியான துணியும் வேண்டும். உட்புறத்தில் கடைந்த வளையக் கோடுகள் மெல்லியதாகத் தெரிகின்றன. சுவரின் கனம் விளிம்பில் ஒரு விரற்கடைக்குச் சற்றுக் குறைவு, அடியில் அதைவிடக் கூடுதல். வெளியே பார்த்தால் பெரிதாகத் தோன்றும் சட்டியில் கொள்வது குறைவாக இருப்பதற்கு இந்தக் கனமே காரணம் என்பதால், கடையில் வாய் அகலத்தைக் கேட்காமல் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று கேட்டு வாங்குவதே சரி. குழம்பு தளதளவென்று கொதிக்க இடம் விட்டு முக்கால் சட்டிதான் நிரப்ப முடியும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு வேளைக் குழம்புக்கு இந்த அளவு தாராளமாகவே போதும்.

மாக்கல் என்பது பெரும்பாலும் டால்க் என்னும் கனிமம் சேர்ந்த கல். மோ கடினத்தன்மை அளவுகோலில் டால்க்குக்குரிய எண் 1. நகத்தால் கீறினாலே தடம் விழும். கல் இவ்வளவு மென்மையாக இருப்பதால்தான் அதை மரத்தைப்போலக் கடைந்து பாத்திரமாக்க முடிகிறது. பேலூரிலும் ஹளேபீட்டிலும் ஹொய்சாளச் சிற்பிகள் நகையின் நுணுக்கம்வரை செதுக்கிக் காட்டியதும் இந்த இனத்துக் கல்லில்தான். பிரேசில் நாட்டின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் இன்றும் மாக்கல் பானையில் சமைக்கிறார்கள் என்பதால், இதை நமக்கு மட்டுமே உரிய இரகசியமாகக் கொண்டாடும் விளம்பரங்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. சமையலுக்கு முக்கியமான செய்தி வேறு. ஒரு கிலோ மாக்கல்லைச் சூடாக்க, அதே எடை இரும்புக்கு வேண்டியதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு வெப்பம் தேவைப்படுகிறது. அந்த வெப்பம் கல்லுக்குள் பரவுவதோ மிக மெதுவாக. மூன்றரைக் கிலோக் கல் முழுதும் சூடேறிவிட்டால், அது ஆறவும் அதற்கேற்ற நேரம் பிடிக்கிறது.

கடையில் சட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது கைமுட்டியால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று ஒலித்தால் எடுத்துக்கொள்ளலாம். சொத்தென்று கேட்டால் உள்ளே எங்கோ கீறல் இருக்கிறது என்று பொருள். கல்லின் இயல்பான இரேகைகளையும் கீறலையும் கண்ணால் பிரித்தறிவது எளிதன்று. சந்தேகம் வந்தால் தண்ணீர் ஊற்றிச் சற்று நேரம் வைத்து, அடிப்புறத்தைத் தடவிப் பார்க்கலாம். தூதஞ்சலில் வரும் சட்டியில் இந்தச் சோதனை எதையும் முன்னதாகச் செய்ய வழியில்லை. என் உறவினர் ஒருவருக்கு வந்த சட்டி விளிம்பில் விரிசலோடு வந்தது. மாற்றித் தரச் சொல்லி அவர் அலைந்ததைக் கண்டபின் நான் கடைக்கே நேரில் போனேன்.

பழக்காத சட்டி வெளிறிய சாம்பல் நிறத்தில், தொட்டால் கையில் மாவு ஒட்டும் நிலையில் விற்கப்படுகிறது. விலையும் சில நூறு ரூபாய் குறைவு. அதை வாங்கினால் சில நாட்களுக்கு வடிகஞ்சியை ஊற்றி வைத்து, நாள்தோறும் மாற்றி, பிறகு மஞ்சள் குழைத்த விளக்கெண்ணெயை உள்ளும் புறமும் தடவி ஊறவிட்டு, மீண்டும் கஞ்சியை அதிலேயே சிறு தீயில் காய்ச்சி எடுக்க வேண்டும். பொறுமை உள்ளவர்கள் தாராளமாகச் செய்யலாம். ‘பழக்கியது’ என்று சொல்லி விற்கப்படுவதையும் நம்பி நேரே அடுப்பில் ஏற்றிவிடக் கூடாது. எண்ணெய் பூசிக் கறுப்பாக்கப்பட்ட சட்டி அடுப்பைக் கண்டதாகவே இருக்க வேண்டிய கட்டாயமில்லை. என்னுடையதிலும் முதலில் வடிகஞ்சியைக் காய்ச்சிக் கொட்டி, அதன் பிறகே பருப்பு வேகவைத்தேன்.

வத்தக்குழம்பில்தான் இந்தச் சட்டியின் குணம் முழுதாகத் தெரிகிறது. நல்லெண்ணெயை ஊற்றிச் சிறு தீயில் வைத்தால், முதலில் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். கடுகு எண்ணெயில் அசையாமல் கிடக்கும். அடுப்பைப் பெரிதாக்கக் கை பரபரக்கும். அப்படிச் செய்யக் கூடாது. கல் சூடேறி முடித்ததும் கடுகு அத்தனையும் ஒரே நேரத்தில் வெடிக்கும், அந்தச் சூட்டில் உடன் கிடக்கும் வெந்தயம் நொடியில் கருகிக் குழம்பையே கசக்க வைத்துவிடும். ஆகவே கடுகு வெடித்து ஓய்ந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, வெந்தயத்தையும் துவரம்பருப்பையும் மிளகாய் வற்றலையும் சட்டியின் சூட்டிலேயே சிவக்க விடுவது என் வழக்கமாகிவிட்டது. சுண்டைக்காய் வற்றலும் அந்தச் சூட்டிலேயே பொரிந்துவிடுகிறது. அதன் பின் அடுப்பைச் சிறு தீயில் ஏற்றி, குழம்புப் பொடியை எண்ணெயில் ஒரு புரட்டுப் புரட்டி, புளிக்கரைசலை ஊற்ற வேண்டும். அந்தக் கரைசல் வெதுவெதுப்பாக இருப்பது அவசியம். சூடான கல்லில் குளிர்ந்த நீர் பட்டால் சட்டி விரிசல் விடும் என்பதால், புளியைக் கரைப்பதே வெந்நீரில்தான்.

குழம்பு கொதிக்கத் தொடங்கியபின் தீ மிகக் குறைவாக இருந்தாலே போதும். அடியில் மட்டும் கொதிக்காமல் சுவரோரமாகவும் சிறு சிறு குமிழிகள் எழுந்துகொண்டே இருப்பதை இதில் காணலாம். வழக்கமாக நான் குழம்பு சேர்ந்தாற்போல் ஆவதற்குக் கடைசியில் அரிசி மாவு கரைத்து விடுவேன். கல்சட்டியில் அதற்குத் தேவையே இருக்கவில்லை. இன்னும் சற்று நீர்க்க இருக்கிறதே என்று தோன்றும் பதத்தில் அடுப்பை அணைத்துவிட்டால், ஐந்து நிமிடத்துக்கு மேல் கொதி அடங்காமல் குழம்பு தானே சுண்டி, எண்ணெய் ஓரத்தில் பிரிந்து நிற்கிறது. சாப்பிட உட்காரும்போதும் சூடு ஆறுவதில்லை, மறுநாள் ருசி இன்னும் கூடுகிறது. புளியைச் சமைத்த அதே சட்டியில் இரவு முழுதும் வைத்திருக்கலாமா என்ற தயக்கம் அலுமினியத்துக்கும் ஈயம் போன பித்தளைக்கும் உரியது. டால்க் புளியின் புளிப்புக்கு அசைந்து கொடுக்கும் பொருளல்ல.

கீரைக்கு வேறொரு வசதி இருக்கிறது. எவர்சில்வர் பாத்திரத்தில் கீரையை மத்தால் மசிக்கும்போது பாத்திரமும் சேர்ந்து சுற்றும். ஒரு கையால் அதை இறுகப் பிடித்துக்கொண்டு மறு கையால் கடைய வேண்டும். கல்சட்டி இருந்த இடத்தை விட்டு நகர்வதில்லை. அரைக்கீரையை மூடாமல் வேகவைத்து, தண்டு குழையும் முன்பே அணைத்துவிட்டால், மீதி வேக்காடு சட்டியின் சூட்டிலேயே முடிகிறது. வெந்த கீரையை வேறு பாத்திரத்துக்கு மாற்றாமல் அங்கேயே கடைந்து, அங்கேயே தாளித்துக் கொட்டலாம். நிறம் பழுப்பேறாமல் பச்சையாக நிற்பது, முன்கூட்டியே அணைப்பதால் கிடைக்கும் பலன். அணைக்க மறந்தால் இந்தச் சட்டியிலும் கீரை கறுக்கத்தான் செய்யும்.

மோர்க்குழம்பில் செய்முறையைத் தலைகீழாக்க வேண்டியிருந்தது. தயிரைச் சேர்த்தபின் நுரைகட்டி வரும்போது இறக்கிவிட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விதி. கல்சட்டியில் நுரை கண்டபின் அணைத்தால், அடுத்த நிமிடமே அது பொங்கிக் கொதித்துத் தயிர் திரிந்துவிடும். நான் இப்போது பூசணிக்காயை வேகவைத்து, ஊறவைத்த துவரம்பருப்போடு தேங்காய், சீரகம், பச்சைமிளகாய் அரைத்த விழுதைச் சேர்த்து ஒரு கொதி விட்டு, அடுப்பை அணைத்து, கொதி அடங்கும்வரை காத்திருந்து, அதன் பிறகே குளிர்ச்சி இல்லாத கெட்டித் தயிரைக் கடைந்து ஊற்றுகிறேன். தீயே இல்லாமல், சட்டிச் சூட்டில் மட்டுமே ஓரங்களில் நுரை எழும்பி நிற்கிறது. இதைவிட வழுவழுப்பான மோர்க்குழம்பு எங்கள் வீட்டில் வேறெந்தப் பாத்திரத்திலும் அமைந்ததில்லை.

ரசத்தை இப்படி வழிக்குக் கொண்டுவர முடியவில்லை. நுரை கூடும் அந்த நொடியில் இறக்கினால்தான் மிளகின் வாசமும் கொத்தமல்லியின் வாசமும் தங்கும். கல்சட்டியில் அந்த நொடி கைக்கு எட்டாமல் கடந்துபோய், ரசம் கொதித்து வாசம் போய்விடுகிறது. ரசத்துக்கு ஈயச்சொம்பு வைத்திருந்தவர்கள் காரணத்தோடுதான் வைத்திருந்தார்கள்: சட்டென்று சூடாகி, இறக்கியவுடன் கொதி அடங்கும் மெல்லிய பாத்திரம் அது. பொரியல், உசிலி, அவசரத்துக்குச் செய்யும் உப்புமா ஆகிய எதற்கும் கல்சட்டியை எடுக்கத் தேவையில்லை. கேஸ் மிச்சமாகும் என்ற வாக்குறுதியும் நெடுநேரம் வேகும் பண்டங்களுக்கே பொருந்தும். பத்து நிமிடச் சமையலுக்கு, கல் சூடேறுவதற்கே பாதி நேரம் போய்விடும். இண்டக்‌ஷன் அடுப்பில் இது சூடாகவே ஆகாது.

தயிர் உறை ஊற்றுவதில் மார்கழிக் குளிரில் ஒரு சிக்கல் வந்தது. குளிர்ந்து கிடக்கும் கல் பாலின் வெதுவெதுப்பை உறிஞ்சிவிடுவதால், மறுநாள் காலையில் பால் பாதி உறைந்த நிலையிலேயே இருந்தது. வெந்நீரை அல்லாமல் வெதுவெதுப்பான நீரைச் சட்டியில் சற்று நேரம் ஊற்றி வைத்துக் கொட்டிவிட்டு, பிறகு பாலை ஊற்றினால் தயிர் கத்தியால் வெட்டும்படி உறைகிறது. வெயில் காலத்தில் பழைய சோற்றை ஊறவைக்கவும் இதே சட்டி நன்றாக இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்ததுபோல் பல் கூசாமல், அளவான குளிர்ச்சியோடு இருக்கும் சோற்றுக்குச் சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் இருந்தால் போதும்.

கல்லில் உள்ள மக்னீசியம் உணவில் இறங்கி உடலுக்கு வலுவூட்டும் என்று விற்பவர்கள் சிலர் சொல்கிறார்கள். மக்னீசியம் டால்க்கில் இருப்பது உண்மை; ஆனால் டால்க் தண்ணீரில் கரைவதில்லை. கரையாத கல் குழம்பில் என்ன சத்தை இறக்கும் என்று எனக்குப் புரியவில்லை. மக்னீசியம் வேண்டுமானால் அந்தச் சட்டியில் வேகும் கீரையிலேயே போதுமான அளவு இருக்கிறது.

பராமரிப்பு கடினமானதல்ல, ஆனால் வீட்டில் சமையலறைக்குள் வரும் எல்லோருக்கும் சொல்லி வைக்க வேண்டியது. வெறும் சட்டியை அடுப்பில் வைக்கக் கூடாது. உள்ளே எண்ணெயோ நீரோ இருக்க வேண்டும், தீ சிறிதாகத் தொடங்க வேண்டும். மென்மையான கல் என்பதால் எவர்சில்வர் கரண்டி கோடு போடும். மர அகப்பையே ஏற்றது. இறக்கிய சட்டியை ஈரமான கிரானைட் மேடையில் வைக்காமல் பிரிமணையிலோ மரப்பலகையிலோ வைக்க வேண்டும். முழுதும் ஆறிய பிறகே தேய்க்கலாம். தேங்காய் நாரும் சீயக்காய்த் தூளும் எண்ணெய்ப் பிசுக்கை நன்றாகவே எடுத்துவிடுகின்றன. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அக்கா இதன் எடையைப் பார்த்துவிட்டு, “இதை மட்டும் நீங்களே பாத்துக்குங்கம்மா” என்று முதல் நாளே சொல்லிவிட்டார். தொட்டித் தண்ணீருக்குள் கைதவறிப் போட்டால் சட்டியோடு தொட்டியும் சேதமாகும் என்பதால், அவர் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை.

ஒன்று மட்டும் வாங்குவதாக இருந்தால் இரண்டு லிட்டர் சட்டியை வாங்கலாம். அதில் வத்தக்குழம்பு நிலையாகக் குடியேறிவிட்டால், தயிருக்கென்று முக்கால் லிட்டரில் தனிச் சட்டி ஒன்று தேவைப்படும். பெருங்காயமும் புளியும் ஏறிய சட்டியில் உறை ஊற்றினால் தயிரிலும் அந்த வாசம் வரும். சிறிய சட்டி அடுப்பேறப் போவதில்லை என்பதால் பழக்காததையே குறைந்த விலைக்கு வாங்கி, வடிகஞ்சியில் ஊறவைத்து, மாவு ஒட்டுவது நின்றபின் உறை ஊற்றத் தொடங்கலாம்.