நெல்லைச் சாலையோரப் பண்ணைகளில் நாட்டு மரக்கன்று: என்ன பார்த்து வாங்குவது?

கன்று தாராளமாக வாங்கலாம், அது இருக்கும் பையின் அடியைத் தடவிப் பார்த்த பிறகு. பாளையங்கோட்டை, தென்காசிப் பக்கத்து நாற்றுப்பண்ணைகளில் கன்றின் தலை செழிப்பாகத்தான் இருக்கும், குறை வேரில். நெடுநாள் பையிலேயே கிடந்த கன்றின் ஆணிவேர் அடியில் முட்டிச் சுருண்டுவிடும். நாலைந்து வருஷம் நன்றாக வளர்ந்து, ஓர் ஆடிக் காற்றில் வேரோடு சாயும். பையைத் தூக்கும்போது வேர் தரையிலிருந்து அறுபட்டால் அந்தக் கன்றும் வேண்டாம். ஆறடிக் கன்றைவிட இரண்டடிக் கன்றே மேல்.

அடுத்த சிக்கல் பெயர். வாகை கேட்டால் தூங்குமூஞ்சி வருகிறது. நுனிக்குப் போகப்போகச் சிற்றிலை பெருத்து, கோணலான சாய்சதுரமாக இருந்தால் அது தூங்குமூஞ்சி. சரக்கொன்றைக்குச் சிற்றிலை உள்ளங்கை நீளம் இருக்கும்; விரல் நீளம்தான் என்றால் அது மஞ்சள் கொன்றை.

பறவைக்கென்று கேட்டால் பண்ணைக்காரர் எடுத்து நீட்டுவது சர்க்கரைப்பழம். சீக்கிரம் காய்க்கும், குருவியும் வரும், உண்மை. ஆனால் அது அமெரிக்க மரம், நம் காற்றுக்குக் கிளை ஒடியும். நறுவிலி கேளுங்கள். பிள்ளைகள் மூக்குச்சளிப் பழம் என்பார்களே, அதுதான். ஐந்து சென்ட் மனையில் சுவரிலிருந்து பத்தடி தள்ளி வைத்தால் போதும். குயிலும் கொண்டைக்குருவியும் தேடி வரும். கூடவே ஒரு விளா அல்லது வில்வம். இலை கடிபட்ட விளாக்கன்றை ஒதுக்க வேண்டாம்: பறவை எச்சம்போல ஒட்டியிருக்கும் புழுதான் பின்னால் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி. அதன்மேல் மருந்து அடித்துவிடாதீர்கள்.

இலுப்பைக்கு இருபத்தைந்து அடி இடைவெளி வேண்டும். இடமிருந்தால் அதற்கு ஈடில்லை, பூவுக்கு வௌவால் வரும். ஆல், அரசு, இச்சி மூன்றும் குளக்கரைக்கு. மனைக்குள் வைத்தால் சுவரைப் பிளக்கும். மருது தாமிரபரணிக் கரை மரம், வறண்ட மனையில் தண்ணீருக்குத் தவிக்கும். சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசலில் கோடை வெடிப்பு வேரை அறுக்கும் என்பதால் வேம்பும் வன்னியும் வைத்து, அடியில் சருகு மூடுங்கள். திசையன்விளைத் தேரிச் செம்மணலுக்கு ஏற்றது உடைமரம். அதன் கன்று பண்ணைகளில் அநேகமாகக் கிடைப்பதில்லை, பெரிய குறை. விதையை வெந்நீரில் போட்டு ஓர் இரவு ஊறவைத்து நேரே ஊன்றலாம்.

நடுவது புரட்டாசிக் கடைசியில் அல்லது ஐப்பசியில். வடகிழக்கு மழையில் வேர் பிடித்தால்தான் அடுத்த ஆடிக் காற்றைத் தாங்கும். நிழல்வலையில் வளர்ந்த கன்றைப் பத்து நாள் அரை வெயிலில் பழக்குங்கள். இரண்டடிக் குழி, மேல்மண் மூன்று பங்குக்கு மக்கிய சாணம் ஒரு பங்கு. பச்சைச் சாணம் போட்டால் வேர் வெந்துபோகும், கரையானும் வரும். பையைப் பிளேடால் கிழித்து, சுருண்ட வேர்நுனியை நறுக்கி, தண்டின் கழுத்து புதையாமல் நடுங்கள். மழை ஓய்ந்தபின் வாரம் இரண்டு குடம். ஆட்டுக்கு முள்வேலி.

இலுப்பை வேண்டுமானால் வைகாசியிலேயே பண்ணையில் சொல்லிவையுங்கள். பழம் பழுத்து விழுந்தபின் சில வாரத்திலேயே விதையின் முளைப்புத்திறன் போய்விடும். உடனே ஊன்றியாக வேண்டும்.