கோத்தகிரி ஹோம்ஸ்டே என்று 14,500 ரூபாய் போச்சு, ஜாக்கிரதை

14,500 ரூபாய். கோத்தகிரியில் இரண்டு ராத்திரி தங்குவதற்காக நான் கட்டிய பணம். அந்த வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தங்கவில்லை, ஒரு பைசாவும் திரும்பி வரவில்லை.

பக்கத்தின் பெயரைப் போட்டால் கேஸ் போடுவேன் என்று அதை நடத்துகிறவன் மிரட்டுகிறான், அதனால் போடவில்லை. மலை ஊர்களில் ஹோம்ஸ்டே பிடித்துத் தருகிறோம் என்று சொல்லி, தேயிலைத் தோட்டமும் மூடுபனியுமாகக் குட்டி வீடியோ போடுகிற பக்கம். கூட்டம் கூட்டமாகப் பின்தொடர்கிறார்கள். அந்த மாதிரிப் பக்கம் உங்கள் போனிலும் நாலு இருக்கும்.

ஊட்டிக் கூட்டம் வேண்டாம், குன்னூரும் சீசனில் அதே கதைதான் என்று கோத்தகிரியைப் பிடித்தோம். சின்ன ஊர், அமைதியாக இருக்கும். கோடநாடு காட்சிமுனை, கேத்தரின் அருவி, அப்புறம் கன்னேரிமுக்கில் 1819-இல் ஆங்கிலேயக் கலெக்டர் சல்லிவன் கட்டிய பங்களா. போதும் என்று நினைத்தோம்.

அம்மாவுக்கு மூட்டு வலி, படி ஏற முடியாது. இதை அவனிடம் சொன்னதும் அரை மணி நேரத்தில் ஒரு வீடியோ வந்தது. நீல கேட்டில் ஆரம்பித்து, முற்றம், ஹால், கட்டில் வரைக்கும் போகிறது. பின்னாலேயே அவன் குரல்: "பாருங்கண்ணா, ஒரே ஒரு படிதான். அம்மா என் கையப் புடிச்சுக்கிட்டே ஏறிரலாம். பாத்ரூம்ல வெஸ்டர்ன் டாய்லெட்தான், பயப்படாதீங்க." பெற்ற மகன் எனக்கே டாய்லெட் ஞாபகம் வரவில்லை, இவனுக்கு வந்திருக்கிறது! யாராக இருந்தாலும் நம்புவார்கள். அன்றைக்கே 9,000 அனுப்பினேன். அப்புறம் திரும்பக் கிடைக்கும் டெபாசிட் என்று 5,000. அப்புறம் இ-பாஸ் எடுக்க 500.

அந்த 500-தான் முதலில் காட்டிக்கொடுத்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது குஞ்சப்பனை செக்போஸ்ட்டில் நிறுத்தி, அவன் அனுப்பிய பாஸை ஸ்கேன் செய்தார்கள். வேறு ஏதோ வண்டி நம்பர் வருகிறது. "இதுக்குக் காசே கிடையாதுங்க, யார்கிட்டக் குடுத்தீங்க?" என்று அங்கிருந்தவர் கேட்டார். 2024 மே மாதத்திலிருந்து ஐகோர்ட் உத்தரவுப்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டும், ஆனால் அது முழுக்க இலவசம். அங்கேயே நின்று போனில் புதிதாக எடுத்துக்கொண்டு கிளம்பினோம். அவனைக் கூப்பிட்டால், "ஆபீஸ் பையன் மாத்தி அனுப்பிட்டான்ணா, ரூம் ரெடியா இருக்கு, வாங்க" என்கிறான், ஒரு தடுமாற்றமும் இல்லாமல்.

அவன் அனுப்பிய லொகேஷன் கோடநாடு ரோட்டில் ஒரு வளைவில் போய் நின்றது. அங்கே வீடே இல்லை. பக்கத்து டீக்கடைக்காரரிடம் வீடியோவைக் காட்டினேன். நீல கேட்டைப் பார்த்ததும் வழி சொல்லிவிட்டார். கதவைத் திறந்த வயதான அம்மா, "நாங்க யாருக்கும் ரூம் விடறதில்லையே" என்றார். வீட்டை விற்பதற்காகப் புரோக்கருக்கு எடுத்துக் கொடுத்த வீடியோவாம் அது. அதன் மேல் இந்தப் படுபாவி தன் குரலை ஏற்றியிருக்கிறான். ஒரே ஒரு படி என்றானே, அது மட்டும் உண்மை.

அங்கிருந்தே கூப்பிட்டேன். "மேனேஜர் பேசுவார்ணா" என்றான். மேனேஜர் பேசவில்லை. அப்புறம் போன் எடுக்கவில்லை. ராத்திரி ஒரு மெசேஜ் வந்தது: "சார், நீங்கள் செக்-இன் நேரத்துக்கு வரவில்லை, எனவே விதிப்படி பணம் திரும்பத் தரப்படாது." அண்ணா போய் சார் ஆகிவிட்டது. நான் வரவில்லையாம்! அம்மாவையும் பிள்ளையையும் குளிரில் காரில் வைத்துக்கொண்டு அந்த வளைவில் நின்றது யார்? டெபாசிட்டையாவது கொடு என்று கேட்டதற்குத்தான் கேஸ் மிரட்டல். அதோடு பிளாக்.

பாங்க்குக்குப் போன் செய்தால், நீங்களே பின் போட்டு அனுப்பிய பணம் சார், நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது என்கிறார்கள். எழுதிக் கொடுக்க எங்கள் கிளைக்கே போ என்கிறார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜில் ராத்திரியை ஓட்டினோம். மாடி ரூம்தான் கிடைத்தது. அம்மா ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். காலையில் எதையும் பார்க்காமல் இறங்கிவிட்டோம். பிள்ளை கேத்தரின் அருவி எங்கே என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள்.

அந்தப் பக்கம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது அதே நீல கேட்டைப் போட்டு வட்டக்கானல் என்று எழுதியிருக்கிறான். கொடைக்கானல் போகிறவர்கள் கவனம்.

எப்படியெல்லாம் சரிபார்க்கலாம் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், 14,500 நினைப்பில் ஒன்றும் ஓடவில்லை. இ-பாஸுக்கு யார் காசு கேட்டாலும் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள், அரசு தளத்தில் நீங்களே எடுக்கலாம். வீடியோ அனுப்பினால் போதாது, வீடியோ காலில் வந்து காட்டச் சொல்லுங்கள். பணம் போகும் கணக்கில் என்ன பெயர் வருகிறது என்று பாருங்கள், எனக்கு ஏதோ மொபைல் கடைப் பெயர் வந்தது, கேட்டால் ஓனர் தம்பி கடை என்றான். ஏமாந்தது தெரிந்த உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடியுங்கள், சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை முடக்க வழி இருக்கிறதாம். நான் அடித்துவிட்டேன், புகார் எண் வந்திருக்கிறது. பாங்க் திறக்கிற நேரம், கிளம்புகிறேன்.