பிரிந்த முயல் ஜோடியைச் சேர்க்க: பக்கத்துக் கூண்டா, புது இடமா?

ஆபரேஷனுக்காகவோ காயத்துக்காகவோ பிரித்து வைத்த முயல்களை மறுபடி சேர்க்க இரண்டு வழி உண்டு.

ஒன்று, கூண்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பழக்குவது. நடுவே நாலு விரல் இடைவெளி கட்டாயம், இல்லாவிட்டால் கம்பி வழியே மூக்கைக் கடித்துவிடும். தினமும் விரிப்பையும் கழிவுத் தட்டையும் இடம் மாற்றி வைக்க வேண்டும். பழைய துணையென்று முயலுக்குக் காட்டிக் கொடுப்பது வாசம்தான். பிரிந்த நாட்களில் அது மாறிப்போகும். புதிதாகக் கருத்தடை செய்த ஆண் முயலும் கருத்தடை செய்யாத பெண் முயலும் என்றால் முதலில் இந்த வழியைத் தவிர வேறு பேச்சே இல்லை, ஏனென்றால் ஆபரேஷனுக்குப் பிறகும் சில வாரங்களுக்குக் குட்டிக்கு வாய்ப்புண்டு.

இன்னொன்று, இரண்டுக்கும் சொந்தமில்லாத இடத்தில் நேராக விடுவது. வேகமான வழி, ஆனால் ஆள் அசையாமல் காவல் இருக்கணும். பாளையங்கோட்டைப் பக்கம் பலருக்கு மொட்டை மாடிதான் நினைவுக்கு வரும். சித்திரை வெயிலில் அது வேண்டவே வேண்டாம். 30 டிகிரி தாண்டினாலே முயலுக்குச் சூடு ஆபத்து. விடியற்காலையில், வழுக்காமல் சாக்கு விரித்த குளியலறை போதும். கொஞ்சம் கொத்தமல்லித் தழை போட்டுவிடுங்கள். ஏறுவது, துரத்துவது எல்லாம் கொஞ்ச நேரம் இருக்கும். காதைப் பின்னால் மடக்கி, வாலைத் தூக்கி, ஒன்றையொன்று வட்டமடித்தால் மட்டும் உடனே நடுவே அட்டையைச் செருகுங்கள். வெறுங்கையை விட்டால் கடி உங்களுக்கு.

ஓரிரு நாள் பிரிவுக்குப் புது இடமே போதும். வாரக்கணக்கில் பிரிந்திருந்தால் நான் கூண்டில்தான் ஆரம்பிப்பேன், அப்புறம்தான் குளியலறை. பைக்கில் கூடையோடு சுற்றிப் பயமுறுத்திச் சேர்க்கலாம் என்று யோசனை சொல்பவர்களும் உண்டு, அது எனக்குப் பிடிக்காது.