'வேக்குவம் தெரபி' பேக்கேஜுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கோப்பையை வைத்துத் தோலை உறிஞ்சி இழுத்தால் இடுப்பும் தொடையும் குறையும், பின்புறம் எடுப்பாகும், கத்தியும் கிடையாது ஊசியும் கிடையாது என்று சொல்லி 'வேக்குவம் தெரபி' விற்கிறார்கள். தீபாவளி நெருங்க நெருங்க இந்தச் சலுகை விளம்பரங்கள் நம் வாட்ஸ்அப் குழுக்களில் இன்னும் அதிகமாகச் சுற்றும். எனக்கு 2,800 வெள்ளி போனது. பணத்தோடு போயிருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது. காலையும் புண்ணாக்கி அனுப்பினார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

சிங்கப்பூரின் கிழக்கே, எம்ஆர்டி நிலையத்தை ஒட்டிய ஒரு கடைத்தொகுதியில் இருக்கிறது அந்த அழகு நிலையம். விவகாரம் இன்னும் முடியாததால் பெயர் போடவில்லை. முதல் தடவைக்கு 38 வெள்ளிதான் என்று விளம்பரம். "வாங்கக்கா, உட்காருங்க" என்று தமிழிலேயே வரவேற்றார்கள். நிரப்பக் கொடுத்த படிவத்தில் பெயர், தொலைபேசி எண், எந்த இடம் குறைய வேண்டும், அவ்வளவுதான் இருந்தது. கர்ப்பமா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, சர்க்கரை இருக்கிறதா, ஒன்றுமே கேட்கவில்லை. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு எனக்கு முழங்காலுக்குப் பின்னால் நரம்பு சுருட்டிக்கொண்டு நீலமாகப் புடைத்திருக்கும். பார்த்தாலே தெரியும். உறிஞ்சும் கோப்பையை அதன்மேலேயே ஓட்டினார்கள்.

அளவெடுத்த விதத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வியாபாரமே அதில்தான் நடக்கிறது. தொடங்கும் முன் சட்டைக்கு மேலேயே நாடாவைத் தளர்வாகச் சுற்றி அளந்தார்கள். முடிந்த பிறகு தோலின்மேல் நாடாவை வைத்து, தொப்புளுக்கு இரண்டு விரல் மேலே ஏற்றி, "மூச்சை உள்ள இழுத்துப் பிடிங்கக்கா" என்று சொல்லி இறுக்கிப் பிடித்தார்கள். அட்டையில் 3 சென்டிமீட்டர் குறைந்ததாக எழுதி, சிவப்பு மையால் வட்டமும் போட்டார்கள். தேக்காவில் ரவிக்கை தைக்கக் கொடுத்துப் பழகிய யாருக்கும் தெரியும், நாடாவை எங்கே எப்படிப் பிடிக்கிறோம் என்பதைப் பொறுத்து அளவு எப்படி வேண்டுமானாலும் மாறும் என்று.

அப்புறம்தான் மேலாளர் உள்ளே வந்தார். என் உடுப்பு வெளியே அலமாரியில் பூட்டியிருந்தது. நான் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்க, கதவைச் சாத்திவிட்டு, இன்று கையெழுத்துப் போட்டால்தான் இந்த விலை, நாளைக்கு இரட்டிப்பு, வங்கி அட்டையில் தவணையாகவும் கட்டலாம் என்று விடாமல் பேசினார். உடுத்திக்கொண்டு வருகிறேன் என்றதற்கு, "ரெண்டே நிமிஷம்க்கா, முடிச்சிடலாம்" என்றார். ஒரு பெண்ணை அந்த நிலையில் உட்காரவைத்துப் பேரம் பேசுவதை நான் விற்பனை என்று சொல்லமாட்டேன்.

கடைசியில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். சில தடவை போன பிறகு தொடை முழுக்க வட்ட வட்டமாகக் கன்றிப்போனது. முழங்காலுக்குப் பின்னால் தொட்டாலே வலி. கேட்டால், உடம்பிலிருந்து நச்சு வெளியேறுகிறது, நல்ல அறிகுறி என்றார்கள். பலதுறை மருந்தகத்தில் பார்த்த மருத்துவர், தோலுக்கடியில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் உடைந்ததால் வந்த கன்றல் இது, சுருண்ட நரம்பின்மேல் இப்படி உறிஞ்சவே கூடாது, உடனே நிறுத்துங்கள் என்றார்.

இந்தக் கருவி உண்மையில் என்ன செய்கிறது? கோப்பைக்குள் காற்றழுத்தம் குறைந்ததும் தோலும் அதற்கடியில் உள்ள சதையும் மேலே இழுபடுகின்றன. ரத்தமும் நிணநீரும் அங்கே வந்து சேரும். பின்புறம் உடனே உருண்டு திரண்டு தெரிவது அந்த வீக்கத்தால்தான். வடிந்ததும் பழையபடிதான் இருக்கும். கொழுப்பு அணுக்கள் இதில் கரைவதுமில்லை, வெளியேறுவதுமில்லை. உறிஞ்சியபடி உருளைகளால் பிசையும் கருவியை 1980களில் பிரான்சில் லூயி பால் கிட்டே என்ற பொறியாளர் உருவாக்கினார். தழும்பை இளக்குவதற்காக வந்தது அது. அமெரிக்காவில் அந்த வகைக் கருவிக்குக் கிடைத்த அனுமதியில்கூட, செல்லுலைட் எனப்படும் தோல் மேடுபள்ளத்தின் தோற்றத்தைத் தற்காலிகமாகக் குறைக்கும் என்றுதான் இருக்கிறது.

நம் ஊரிலேயே ஆதாரம் இருக்கிறது. மருத்துவர்கள் செய்யும் அழகுச் சிகிச்சைகளுக்கு 2008ல் சிங்கப்பூரில் வழிகாட்டி நெறிமுறைகள் வந்தன. ஆதாரம் குறைவானவை என்று அதில் தனியாக ஒதுக்கிய 'பி' பட்டியலில் இப்படி உறிஞ்சும் முறைகளும், செல்லுலைட்டுக்கான இயந்திர மசாஜும் இருந்தன. மருத்துவர் செய்தாலே இந்த நிலை என்றால், ஒரு கேள்விகூடக் கேட்காத கடையில் எதை நம்பிப் படுப்பது?

கொழுப்பை உறையவைக்கும் சிகிச்சை மாதிரிதான் இதுவும் என்று அந்த மேலாளர் சொன்னார். அது பொய். அதிலும் சதையைப் பிடித்துக்கொள்ள உறிஞ்சுவார்கள், ஆனால் கொழுப்பு அணுக்களைக் கொல்வது குளிர். அதற்கும் ஆபத்து உண்டு. குறைய வேண்டிய இடம் அபூர்வமாகக் கட்டியாகப் பெருத்துவிடும். பிரபல மாடல் லிண்டா இவாஞ்சலிஸ்டா தனக்கு அப்படி ஆனதை 2021ல் வெளிப்படையாகச் சொன்னார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "பாலிசி இல்லக்கா, மீதியை முகத்துக்கு மாத்திக்கலாம்" என்றார்கள். சரி என்று விடவில்லை. பயனீட்டாளர் சங்கமான 'கேஸ்' மூலம் சமரசம் பேசியும் அவர்கள் இறங்கி வராததால், இப்போது சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் மனு போட்டிருக்கிறேன். அங்கே 20,000 வெள்ளி வரை கோரலாம். இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். வழக்கறிஞர் கிடையாது, நாமே பேசலாம். விண்ணப்பமும் இணையத்திலேயே.

கடையில் கையெழுத்துப் போட்ட பேக்கேஜை மனம் மாறினால் ரத்துசெய்யும் உரிமை சட்டப்படி தானாக வந்துவிடாது. 'கேஸ்' வழங்கும் 'கேஸ்டிரஸ்ட்' முத்திரை பெற்ற ஸ்பா, அழகு நிலையங்கள் மட்டும் 5 நாள் அவகாசம் தர ஒப்புக்கொண்டவை. அந்த முத்திரை வாசலில் ஒட்டியிருந்தால் போதாது, 'கேஸ்' பட்டியலில் கடையின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். காலில் நரம்புச் சுருட்டல் உள்ளவர்கள், ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள் தள்ளுபடி எவ்வளவு இருந்தாலும் இதற்குப் படுக்கவே வேண்டாம்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள், அளவு எழுதிய அட்டையையும் ரசீதையும் இன்றே படமெடுத்து வையுங்கள். கன்றலையும் தேதி தெரியும்படி எடுங்கள். கடையில் கேட்டால் அசலைக் கொடுக்காதீர்கள். புது அட்டை போட்டுத் தருகிறோம் என்று என் பழைய அட்டையை வாங்கிக்கொண்டார்கள், திருப்பித் தரவே இல்லை. நான் கைப்பேசியில் எடுத்துவைத்த படம்தான் இப்போது மனுவோடு போயிருக்கிறது.